புதன்கிழமை வாசிப்பும் போனில் வந்த குரலும்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். உத்திரமேரூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் அட்டெண்டராக இருந்தேன். எண்பதுகளின் கடைசியில் அங்கே மாணவர்கள் புதன்கிழமைதோறும் கூடி, கம்ப்யூட்டர் பாதுகாப்பைப் பற்றி வெளிநாட்டில் புதிதாக வந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை வாசிப்பார்கள். அதை ஆரம்பித்து வைத்த வாத்தியார் வேலை மாறிப் போய்விட்டார். மற்ற வாத்தியார்கள் காஞ்சிபுரம் பஸ்ஸைப் பிடிக்க நாலரைக்கே கிளம்பிவிடுவார்கள். ஊழியர் ஒருவர் கூடவே இருந்து பதிவேட்டில் எழுதினால் நடத்திக்கொள்ளலாம் என்றார் பிரின்சிபால். மிச்சம் இருந்த ஊழியர் நான்தான்.

அப்படி அந்த வாசிப்பு என் தலையில் விழுந்தது. யாருக்கு எந்த வாரம் என்று முறை போடுவது, கட்டுரையை ஸ்டென்சிலில் ஓட்டிப் பிரதி எடுத்து, வரும் எட்டுப் பேருக்கும் கொடுப்பது, பெஞ்சை வட்டமாகப் போடுவது எல்லாம் நான். பேச மட்டும் மாட்டேன். எட்டுப் பேர் முன்னால் வாய் திறக்க எனக்குக் கூச்சம். வாசிக்கிறவன் தமிழில் விளக்குவான், புரிந்தால் தலையாட்டுவேன். நான் தலையாட்டும் வரைக்கும் அடுத்த பக்கத்துக்குப் போகக் கூடாது என்று அவர்களே ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். "அண்ணனுக்குப் புரியலன்னா உனக்கே புரியலன்னு அர்த்தம்டா" என்று ஒருவனை ஒருவன் வாருவான்.

கம்ப்யூட்டர் ரூம் சாவியும் என்னிடம்தான் இருந்தது. மெஷினின் பாஸ்வேர்டை வாத்தியார் போகும்போது ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார். அதை ஆபீஸில் இருந்த பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குப் பொட்டு வைத்தபோது சீட்டுக்கும் ஒன்று வைத்தேன். சாமி படத்துக்குப் பின்னால் யார் கை விடப்போகிறார்கள் என்ற தைரியம்.

அந்தப் புதன்கிழமை வாசித்தவன் கூலி வேலை செய்கிற வீட்டுப் பையன். அந்த வீட்டில் பாலிடெக்னிக் வரை வந்த முதல் ஆள். யார் குரலிலும் பேசிக் காட்டுவான். கட்டுரை, பூட்டை உடைக்காமல் ஆளை ஏமாற்றியே உள்ளே போகிறவர்களைப் பற்றியது. ஒரு வாட்ச்மேன் எப்படி ஏமாந்தான் என்று அதில் ஓர் உதாரணம் இருந்தது. நான் தலையாட்டினேன்.

"இது வெளிநாடு. இங்க நடக்குமான்னு போன வாரம் நானும் ஒண்ணு பண்ணிப் பாத்தேன்" என்றான். "பஸ் ஸ்டாண்டு பூத்லேந்து ஒரு ஆபீசுக்குப் போன் போட்டு, மெட்ராஸ் கம்பெனி இன்ஜினியர் பேசறேன், மெஷினப் பாக்க வரேன், பாஸ்வேர்டு சொல்லுன்னேன். எடுத்தவரு யாரு இன்னான்னு ஒரு வார்த்தை கேக்கல."

"கத வுடாத."

"கேளுடா. 'என்னய்யா, உக்காந்துக்கிட்டா பேசுற?'ன்னு ஒரு அதட்டு போட்டேன். அந்தப் பக்கம் நாற்காலி நவுர்ற சத்தம் கேட்டுச்சு. எழுந்து நின்னுட்டாரு. நின்னுக்கினே பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தா படிச்சாரு. கடைசியில 'வணக்கம் சார்' வேற."

எல்லாரும் சிரித்தார்கள். அந்த நாற்காலி என்னுடையது; கிளார்க் இல்லாத நேரத்தில் ஆபீஸ் போனை எடுத்தவன் நான்தான். பொட்டு மறைத்த ஓர் எழுத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சொன்னதுகூட நினைவுக்கு வந்தது. ஒரு வாரமாக அந்த இன்ஜினியர் வருவார் என்று ரூமைப் பெருக்கி வைத்துக் காத்திருந்தேன்.

சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. என் முகத்தைப் பார்த்துவிட்டார்கள்.

"கிளார்க்கு இருக்கறப்ப போன் பண்றதுக்கு இன்னாடா?" என்றான் ஒருவன் மெதுவாக.

"அவரு திருப்பிக் கேப்பாரு. அண்ணன் கேக்க மாட்டாரு."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

பதிவேடு என் மடியில் இருந்தது. காலையில் அது பிரின்சிபால் மேஜைக்குப் போகும். எல்லாருடைய மதிப்பெண்களும் அந்த மெஷினில்தான் இருந்தன. பாஸ்வேர்டை வாங்கியவன் இவன் என்று தெரிந்தால் அன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார்கள். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "எழுதாதண்ணா. நான் மெஷினத் தொடவே இல்ல" என்றான்.

நம்பினேன். ஆனால் வெளியே போன பாஸ்வேர்டை அப்படியே விட்டுவைக்க முடியுமா? "ஆள் யாரென்று கேட்காமல் பாஸ்வேர்டைப் போனில் சொல்லிவிட்டேன். மாற்ற வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவனைப் பற்றி எழுதவில்லை.

மறுநாள் பிரின்சிபால் கூப்பிட்டார்.

"போன் பண்ணது யாருய்யா?"

அவர் முகத்தைப் பார்க்காமல் பதிவேட்டைப் பார்த்தேன்.

"உனக்குத் தெரிஞ்சிருக்கு. சொல்லு."

போனில் கேட்டதும் இதே மாதிரி குரல்தான். கேட்டால் பதில் வந்தே தீரும் என்று நினைக்கிற குரல். அவன் பெயர் என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"சொல்ல மாட்டேன் சார்" என்றேன். பேசியது நான்தானா என்று எனக்கே திகைப்பாக இருந்தது. அவரும் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சாவியை மேஜையில் வைக்கச் சொன்னார். மெமோ வந்தது. பாஸ்வேர்டை மாற்றினார்கள். வாசிப்பை நிறுத்தும்படி மட்டும் யாரும் சொல்லவில்லை.

அடுத்த புதன்கிழமையும் பெஞ்சை வட்டமாகப் போட்டேன். ஏழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அவன் கடைசியாக வந்து கதவோரம் நின்றான்.

"குந்து" என்றேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கூச்சத்தில் காது சுட்டது. ஆனாலும் கேட்டேன். "போன வாரக் கட்டுரையில, ஏமாந்தானே வாட்ச்மேன், அவனுக்கு அப்பால இன்னா ஆச்சுன்னு போட்டுக்கீதா?"

அவன் தாள்களைப் புரட்டினான். கடைசி வரை போய், மறுபடி முதலிலிருந்து பார்த்தான்.

"போடலண்ணா" என்றான்.

நான் தலையாட்டவில்லை.