தெப்ரெ பிர்ஹான் ஏற்றம்

ஒர்கினெஷுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. அடிஸ் அபாபாவில் டாக்சி ஓட்டுகிறவள். பெட்ரோல் வரிசையில் நின்று நின்று வெறுத்துப்போய்த்தான் தன் ஹைப்ரிட் காரை தெமிஸ்ஸே என்ற இன்னொரு டிரைவரிடம் தள்ளிவிட்டு, மின்சாரக் கார் வாங்கினாள். ஊருக்குள் அது சொன்னபடி கேட்டது. பிரேக் பிடிக்கிறபோதெல்லாம் கொஞ்சம் சார்ஜைத் திருப்பியும் தந்தது. ஆனால் வரிசை எரிச்சல் போய், நிமிஷத்துக்கொரு தரம் சார்ஜைப் பார்க்கிற வியாதி வந்தது.

ஒருநாள் காலையில், தெப்ரெ பிர்ஹானில் இருக்கும் தங்கை ஸெனெபெச்சுக்குப் பிரசவ வலி கண்டுவிட்டது என்று போன் வந்தது. மலைமேல் உள்ள ஊர். அன்றைக்கு மட்டும் பழைய காரைக் கேட்கலாம் என்று தெமிஸ்ஸேவை அழைத்தாள். அவன் பெட்ரோல் வரிசையில் நின்றிருந்தான்.

“டேங்க் காலி, அக்கா. இதுலயும் பேட்டரி இருக்குன்னுதான் பேரு. பெட்ரோல் ஊத்தாம அது எங்கருந்து சார்ஜ் ஆகும்? உன் வண்டியிலயே மெதுவா போ. உனக்குத்தான் அது வராதே.”

போய்வரவே சார்ஜ் போதும் என்றது காரின் திரை. அது ஊருக்குள் ஓட்டின கணக்கு. ஏற்றம் தொடங்கியதும், ஒரு கிலோமீட்டர் போனால் திரையில் மூன்று கிலோமீட்டர் குறைந்தது. வேகத்தைக் கூட்டினால் இன்னும் குறைந்தது. பழைய காராக இருந்தால் மிதித்துக்கொண்டு போயிருப்பாள். ஹீட்டரை அணைத்தாள். கை விறைத்தது. தானிய லாரிகள்கூட ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. பற்களைக் கடித்துக்கொண்டு ஊர்ந்தாள்.

போய்ச் சேர்ந்தபோது திரையில் சார்ஜ் எண் சிவந்துவிட்டிருந்தது. பெண் குழந்தை பிறந்தாகிவிட்டது. தங்கை வெண்ணெய் ஊற்றிய கென்ஃபோ கூழைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

“இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்” என்றாள்.

சமையலறை ஜன்னல் வழியே வயரை இழுத்துக் காரில் செருகினாள் ஒர்கினெஷ். கொஞ்ச நேரத்தில் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. மறுநாளும் வரவில்லை. அவள் வெளியே போய்க் காரைப் பார்ப்பதும் உள்ளே வருவதுமாக இருந்தாள்.

“நீ போய்ப் பாத்தா கரண்ட் வந்துருமா? உக்காரு. இவளைப் பிடி.”

குழந்தை மடியிலேயே தூங்கிப்போனது. கால் மரத்தும் ஒர்கினெஷ் அசையவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்கா தன் வீட்டில் ராத்தங்கியது இதுதான் முதல் தடவை என்று ஸெனெபெச் சொன்னாள்.

மூன்றாம் நாள் கரண்ட் வந்தது. வேண்டிய அளவு ஏறியதும் கிளம்பிவிட்டாள். இறக்கத்தில் சார்ஜ் அவ்வளவாகக் குறையவே இல்லை. அதை நம்பாமல், வளைவுக்கு வளைவு பார்த்துக்கொண்டேதான் ஓட்டினாள்.