சும்மா நடக்கப் போனவன்

கண்டிக்கு வந்த புதிதில் என்னை அதிகம் திகைக்க வைத்தது தலதா மாளிகையும் இல்லை, யானையும் இல்லை, வெள்ளைக்காரர்களின் நடைதான். சாயங்காலம் ஆனால் துரையும் துரைசானியும் குளத்தைச் சுற்றி விறுவிறுவென்று நடப்பார்கள். ஏதோ அவசர காரியம் போலிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தால், சுற்றி முடித்து, புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்று முகத்தைத் துடைத்துக்கொள்வார்கள். நம் கும்பகோணத்துப் பக்கத்தில் ஒருவன் நடந்தால் எங்கேயோ போகிறான் என்று அர்த்தம். எதிரே வருகிற நாலு பேரும் எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று கேட்பார்கள். சும்மாதான் என்று பதில் சொன்னால், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்று தீர்மானித்து, சமாதானம் பேச ஆள் அனுப்பிவிடுவார்கள்.

நான் குமாஸ்தாவாக இருந்த கம்பெனியின் சின்னதுரை இன்னும் ஒரு படி மேலே. சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் மூடியதும் முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு தனியாக மலையேறிப் போவார். அங்கே காட்டுப்புல்லில் கூடாரம் அடித்துத் தூங்கிவிட்டு, திங்கட்கிழமை காலை மூக்கெல்லாம் தோல் உரிந்து, கல்யாண மாப்பிள்ளை போலச் சிரித்துக்கொண்டு வருவார். அப்படி என்னதான் இருக்கிறது அந்த மலையில் என்ற அரிப்பு எனக்கும் பிடித்துக்கொண்டது. ஊருக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, யாரும் சீண்டாத ஒரு சிறிய கித்தான் கூடாரத்தை வாங்கி வந்துவிட்டேன். என்னோடு ஒரே அறையில் இருந்த யாழ்ப்பாணத்துச் சின்னத்தம்பி அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கதிரையில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

"உமக்கென்ன விசரே காணும்? கட்டில் கிடக்க, காட்டிலை போய்ப் படுக்கப் போறீரோ?"

"துரை போகிறாரே."

"ஓம், துரை போவார். அவர் தொலைஞ்சா நாலு பொலிஸ் தேடும். நீர் தொலைஞ்சா நான்தான் தேட வேணும். எனக்கு முழங்காலிலை நோ."

அப்படியும் ஒரு சனிக்கிழமை புறப்பட்டேன். கடையில் வாங்கிய பாண் ரொட்டி, ஒரு டின் மீன், தேயிலை, அதைக் கொதிக்க வைக்கக் கறுத்த கேத்தல், கம்பளி, கூடாரம். டவுனுக்குத் தெற்கே ஹந்தானை மலை. தேயிலைக்கு நடுவே ஏறி, கடைசி நிழல் மரத்தையும் தாண்டினால் வெறும் புல். இங்கே அதைப் பத்தனை என்கிறார்கள். இடுப்பளவுப் புல் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழும். மரம் இல்லை, வீடு இல்லை, ஆள் இல்லை. தலைக்கு மேலே உயர்ந்த ஒரு வரப்பைக்கூடப் பார்த்திராத மருத நிலத்துக்காரன் நான். எங்கள் ஊரில் உயரம் என்றால் கோவில் மணிக்கூண்டு ஒன்றுதான். உச்சியில் நின்று பார்த்தபோது ஒரு பக்கம் கண்டிக் குளமும், மறுபக்கம் பேராதனைத் தோட்டத்தை வளைத்துக்கொண்டு ஓடும் மகாவலியும் ஒருசேரத் தெரிந்தன. நான் தினமும் பயந்து பயந்து ஏறும் ஆபீஸ் கட்டடம் எது என்றே கண்டுபிடிக்க முடியவில்லை. அதில் எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைப்பானேன், வாய்விட்டுச் சிரித்தேன். தனியாக நின்று சிரித்தால் கேட்க ஆளில்லாத இடம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதே எனக்குப் புதிது.

கூடாரம் அடிப்பது அவ்வளவு சந்தோஷமாக இல்லை. ஆணி இறங்குகிற இடத்தில் மண் இல்லை, மண் இருக்கிற இடத்தில் அட்டை. நம் ஊர் அட்டை குளத்தில் கிடக்கும், நாம் இறங்கினால்தான் ஒட்டும். இந்த ஊர் அட்டை புல் நுனியில் எழுந்து நின்றுகொண்டு ஆள் வருகிறானா என்று பார்க்கிறது. இருட்டுகிற நேரத்தில் மழை பிடித்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், நான் கூடாரத்துக்குள் படுக்கவில்லை, கூடாரம்தான் என் மேல் படுத்திருந்தது. விடிந்தபோது நாலு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாத பனிமூட்டம். கேத்தலைக் கையில் பிடித்து, கம்பளியைத் தலையோடு போர்த்தி, ஈரக் கித்தானை மூட்டையாகத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். கண்டிப் பக்கம் இறங்குவதாக எண்ணிக்கொண்டு மறுபக்கம் இறங்கியிருக்கிறேன் என்பது, தோட்டத்துக் கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும், முன்பின் தெரியாத ஒரு லயத்தின் கோடியில் போய் நின்றபோதுதான் தெரிந்தது.

அந்தக் கோடி வீட்டு வாசலில் ஒரு பெண் அடுப்புக்குச் சுள்ளி ஒடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கத்தவில்லை. மேலும் கீழும் பார்த்தாள். கம்பளியை, கேத்தலை, மூட்டையை, காலில் வழிகிற ரத்தத்தை. பிறகு கையைப் பிடிக்காத குறையாக உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினாள். உள்ளே அவள் புருஷன், மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை.

"எந்தத் தோட்டத்துலேருந்து?" என்று அவன் மெதுவாகக் கேட்டான்.

"தோட்டம் இல்லீங்க. கண்டியிலேருந்து வர்றேன்."

"சரி, கண்டின்னே வச்சுக்குவோம். ராத்திரி பூரா மேலயா கெடந்தீங்க?"

"ஆமா. சும்மா மலையைப் பார்க்கலாம்னு வந்தேன்."

புருஷனும் பெண்சாதியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் பெயர் அந்தோணி, அவள் மரியாயி. மலையில் தனியாகக் கம்பளியும் கேத்தலுமாகத் திரிகிற தமிழன் யார் என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்: தோட்டத்தைவிட்டு ஓடி வந்தவன். ஓடுகிறவனைப் பிடித்து ஜெயிலில் போடும் சட்டம் நீங்கிவிட்டதென்று நான் பத்திரிகையில் படித்திருந்தேன். லயத்துக்குப் பத்திரிகை வருவதில்லை. நான் குமாஸ்தா என்று சொன்னேன், ஆபீஸ் தெருவைச் சொன்னேன், துரை நடப்பதைப் பற்றியும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் இரக்கம்தான் கூடியது. பயந்தவன் எதையும் சொல்வான் என்று நினைத்திருப்பார்கள்.

"வெளிய தெரிஞ்சா நமக்கும் பத்துச்சீட்டக் குடுத்து வேலைய விட்டு நிறுத்திருவாங்க, லயத்தை விட்டு ஏறங்க வேண்டியதுதான்" என்றான் அந்தோணி, அவளைப் பார்த்து. அதைச் சொல்லிக்கொண்டே எனக்கு உட்காரச் சாக்கை விரித்தான்.

என் கழுத்துக் கயிற்றில் கிடந்த, மாதா படம் தைத்த உத்தரியத்தை மரியாயி பார்த்துவிட்டாள். நம்ம வேதக்காரரு என்று ஒரு சந்தோஷம். சூடாக ரொட்டியைத் தட்டில் போட்டவள், நீட்டுவதற்கு முன்பு தயங்கினாள்.

"நீங்க எந்தத் தெருவு ஆளுகளோ. எங்க கையால சாப்புடுவீங்களா?"

ஊரில் இருக்கிறவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. நான் எந்தத் தெரு, அவள் எந்தத் தெரு என்பது அவள் கேட்ட விதத்திலேயே இருவருக்கும் தெரிந்துபோயிற்று. நான் பெரிய சீர்திருத்தக்காரன் என்று எண்ணிவிட வேண்டாம். எனக்குப் பசி. "குடுங்க" என்று வாங்கித் தின்றேன். மூன்றாவது ரொட்டியில்தான் வெட்கம் வந்தது.

அப்போது வாசலில் செருப்புச் சத்தம். தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கங்காணி. அன்றைக்கு அவர் பேரனுக்குக் காது குத்து. லயத்தாரை அழைக்க வந்தவர், கதவு சாத்தியிருப்பதைக் கண்டு தள்ளிக்கொண்டு நுழைந்தார். பெரிய தலைப்பாகை, கையில் பிரம்பு. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. அந்தோணி குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தான்.

"எங்க அண்ணங்க" என்றாள் மரியாயி. "நேத்துதான் வந்துச்சு."

நான் யார் என்று நிரூபிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். இங்கிலீஷில் இரண்டு வார்த்தை பேசினால் கங்காணி எனக்குக் கதிரை தேடியிருப்பார். ஆனால் அப்படி நான் பெரிய மனுஷன் ஆகிவிட்டால், அவள் பெரிய கங்காணியின் முகத்துக்கு நேரே பொய் சொன்னவள் ஆகிவிடுவாள். யாரோ ஒருவனுக்காக அவள் தன் அடுப்பையும் கூரையையும் பணயம் வைத்துவிட்டு நிற்கிறாள். நான் எழுந்து கும்பிட்டேன்.

"எந்த ஊரு?" என்றார் கங்காணி.

"கும்பகோணத்துப் பக்கங்க."

"இவ துறையூர்ப் பக்கமுல்ல?"

மரியாயி சுள்ளியை ஒடித்துக்கொண்டே, "பெரியம்மாவை அங்கிட்டுக் கட்டிக் குடுத்தாங்க, பெரியம்மா மகன்" என்றாள், இருபது வருஷமாகச் சொல்லி வருகிறவளைப் போல.

கங்காணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குழந்தையைப் பார்த்தார். "மாமன் மடி இல்லேன்னுதானே இந்தப் புள்ளைக்கு இம்புட்டு நாளாக் காது குத்தல? இன்னைக்கு ஆசாரி வந்திருக்காரு. மாமனும் வந்தாச்சு. கூட்டிக்கிட்டு வாங்க."

அவர் சோதித்தாரா, இரங்கினாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய் அண்ணன் என்றால் ஓடிவிடுவான் என்று நினைத்திருக்கலாம். நானும் ஓடிவிடத்தான் நினைத்தேன். ஒரு பெண்ணைத் தங்கச்சி என்று பேச்சுக்குச் சொல்வது வேறு. நாலு பேர் முன்னால் அவள் குழந்தையை மடியில் வைத்துக் காது குத்துவது வேறு. அதற்குப் பிறகு அது பொய் இல்லை. மரியாயி என்னைப் பார்க்கவே இல்லை. "வேண்டாம்னா பின்பக்கமாப் போயிருங்க. நான் ஏதாச்சும் சொல்லிக்கிறேன்" என்று மட்டும் குழந்தையின் தலையைச் சீவிக்கொண்டே சொன்னாள். அவள் கை எடுத்த வகிட்டையே கலைத்துக் கலைத்து மறுபடி எடுத்தது. அந்தக் கையைப் பார்த்த பிறகு எங்கே போவது?

கங்காணி வீட்டு முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்தேன். குழந்தை ஞானம் என் மடியில் உட்கார்ந்து, என் ஈரச் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தது. ஆசாரி முதல் காதைக் குத்தியதும் அது போட்ட சத்தத்தில் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "மாமனுக்கே வலிக்குது" என்று பெண்கள் சிரித்தார்கள். இரண்டாவது காதுக்கு அது என் கழுத்தைக் கட்டிக்கொண்டது. மாமன் சீர் என்று வைக்க என்னிடம் என்ன இருக்கிறது? கூடாரத்தைக் கொடுத்தேன். அந்தக் கித்தான் ஏழு வருஷம் அவர்கள் கூரையில் ஒழுக்கு நிறுத்தியது.

அந்தோணி கண்டிப் பாதையில் பாதி தூரம் வந்து, ஆள் நடமாட்டம் இல்லாத வழியாகப் பார்த்து என்னை அனுப்பினான். சின்னத்தம்பி வாசலில் நின்று, "துரை வந்திட்டார்" என்றார். அடுத்த வாரம் பாவசங்கீர்த்தனத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பூசை காணாததையும் பொய் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன். சுவாமியார் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, பூசைக்கு மட்டும் அபராதம் கொடுத்தார். கிறிஸ்துமஸுக்குக் கோட்டும் தொப்பியுமாக, குழந்தைக்குச் சட்டைத் துணியோடு லயத்துக்குப் போனபோதுதான் மரியாயிக்கு நான் உண்மையிலேயே குமாஸ்தா என்று உறைத்தது. வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். "அப்ப ஓடி வரலையா நீங்க? சும்மாவா மழையில கெடந்தீங்க? கிறுக்கு அண்ணே" என்றாள். பயத்தில் சொன்ன சொல் அப்படியே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஒரு பண்டிகை தவறியதில்லை.

போன மாதம் அந்தோணி ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். ஞானம் பெரியவளாகிவிட்டாளாம், மாமன் வந்து பச்சை ஓலையில் குடிசை கட்டினால்தான் சடங்கு தொடங்குமாம். அதே வாரம் ஊரில் நம் மாதா கோவில் திருவிழாவுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. தங்கச்சி வீட்டு விசேஷம், மாமன் இல்லாமல் நடக்காது, ஆகையால் வர இயலாது என்று யோசிக்காமல் ஒரு கார்டு போட்டுவிட்டேன். அம்மா, நீங்கள் சொல்லத் தம்பி எழுதிய பதில் நேற்று வந்தது: "உன் தங்கச்சிகள் இரண்டு பேரும் இதோ என் பக்கத்தில்தான் உட்கார்ந்து முறுக்குப் பிழிகிறார்கள். நீ எந்தத் தங்கச்சியைச் சொல்கிறாய்?"

ஒரு கார்டில் சொல்லி முடியாது என்பதால்தான் இவ்வளவும் எழுதினேன், அம்மா. நம் ஊர்க் கோவிலில் நடுவே ஒரு மரக்கிராதி போட்டு, நம் தெருக்காரர்களை ஒரு பக்கமும் அவர்களை மறு பக்கமும் பிரித்து வைத்திருக்கிறார்கள் அல்லவா, அந்த மறு பக்கத்துத் தங்கச்சி. அடுத்த திருவிழாவுக்குக் கட்டாயம் வருகிறேன். வந்து, கோவிலுக்குள் நுழைந்ததும், கிராதிக்கு எந்தப் பக்கம் போய் முழங்காலிடுவேன் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.