இரவல் போன கருவி

எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக, எவரும் வாசித்துச் செய்யக்கூடியதாக, படகுகளின் அபாய அழைப்புக் கருவிக்கு விதிமுறை எழுதும் குழு ஒன்று உண்டு. பல நாட்டவர் இணையத்தில் கூடுவார்கள். கீரி என்ற கரையோர ஊரிலிருந்து அதில் இருப்பவள் டிலோஜினி. சமையலுக்கும் கூட்டத்துக்கும் ஒரே மேசைதான்.

இம்முறை ஒரு நிறுவனம் தன் சொந்த விதிமுறையை நீட்டியது. அப்படியே ஏற்க வேண்டும். பின்னர் மாற்றுவதானால் அவர்களே மாற்றுவார்கள். சோதித்துச் சொல்லும் பொறுப்பு டிலோஜினிக்கு. பக்கத்து வீட்டு அமிர்தநாயகத்தின் படகில் கருவியைப் பூட்டிப் பார்த்தாள். பட்டனை அமத்தியதும் படகின் பெயரும் இடமும் நிறுவனத்துக்கும் அவளுடைய திரைக்கும் வந்தன. கருவியை அவரிடமே விட்டுவைத்தாள். 'ஏற்கலாம்' என்று அறிக்கை எழுதிவிட்டாள்.

வாக்கெடுப்பன்று பிற்பகல் காற்று கூரைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தின் நடுவே திரையில் சிவப்பு எரிந்தது: அமிர்தநாயகத்தின் படகு, அபாயம்.

கரைக்கு ஓடினாள். அவர் எஞ்சினைக் கழற்றி வைத்துக்கொண்டு மணலில் இருந்தார்.

"அண்ணை, நீங்கள் கடலுக்குப் போகேல்லையோ?"

"எஞ்சின் இல்லாமல் நீந்தியே போறது? கொம்பனிக்காரனும் இப்ப போனில கேட்டவன். சுகமாக் கரையில இருக்கிறன் எண்டு சொல்லிப்போட்டன்."

"அப்ப கருவி?"

அவர் கை நின்றது. "உன்ர மனுசன் சுகந்தன் கடலுக்குப் போறன் எண்டு கேட்டவன். சும்மா கிடக்கிறதுதானே எண்டு குடுத்தனான், பிள்ளை."

வீட்டுக்கு ஓடினாள். சிவப்பு அணைந்திருந்தது. 'தவறான அழைப்பு' என்று நிறுவனம் மூடிவிட்டது. கடைசியாக வந்த இடம் மட்டும் அவளுடைய பதிவில் இருந்தது. அமிர்தநாயகத்துக்குப் போனில் வாசித்தாள். அவர் வேறொருவரின் படகைத் தள்ளிக்கொண்டு போனார்.

கூட்டம் அவளுக்காகக் காத்திருந்தது. நடந்ததைச் சொன்னாள். கருவியை இரவல் கொடுப்பது விதிமீறல் என்றார் நிறுவனத்தின் ஆள்.

எங்கள் கரையில் எஞ்சினே இரவல் போகும் என்றாள் அவள். யார் கையில் கருவி இருக்கிறதோ அவரே பெயரை மாற்ற வழி வேண்டும். அந்தப் பகுதியை மற்றவர்களும் மாற்றும்படி திறக்கும்வரை தன் வாக்கு 'இல்லை'. அறிக்கையிலிருந்த 'ஏற்கலாம்' என்பதை எல்லோரும் பார்க்க அழித்தாள். பதிலுக்கு நிற்கவில்லை. கரைக்குப் போனாள்.

பொழுதுபடும் நேரத்தில் ஒரு படகு மற்றதை இழுத்துக்கொண்டு வந்தது. சுகந்தன் நடுங்கிக்கொண்டு இறங்கினான். அவள் துவாயை அவன்மேல் எறிந்தாள்.

அவன் கருவியை நீட்டினான். "இந்தாங்கோ அண்ணை, உங்கட சாமான்."

"வைச்சிரடா," என்றார் அமிர்தநாயகம். "என்ர எஞ்சின் இன்னும் சரிவரேல்லை."