கீழ்ப்பக்கம் பிடிப்பவர்

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். வேலை செய்கிற இடத்தில் எல்லாருக்கும் அவர் சிஐடி. முடிவெட்டப் போனால் பிளேடு புதுசா என்று இரண்டு தடவை கேட்பார். நாற்காலியில் உட்காருவதற்கு முன் அதை ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தபடி வணக்கம் சொன்னால், அன்று முழுக்க அந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் என்று யோசித்துக்கொண்டிருப்பார். "கண்ணாடியில உங்க மூஞ்சியப் பாத்தாகூட, யாருடா நீன்னு கேப்பீங்க" என்பாள் அவர் மனைவி.

வீடு மாற்றிக்கொடுக்கும் கம்பெனியில் சுமை தூக்குவது அவர் தொழில். பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ், துணி துவைக்கும் மெஷின் என்று ஊரார் சொத்தையெல்லாம் மாடி ஏற்றி இறக்கியே ஆளாகி, கல்யாணம் கட்டி, மகளையும் கட்டிக்கொடுத்தவர். அந்தத் தொழிலில் ஒரு கௌரவம் உண்டு, வெளியாட்களுக்குத் தெரியாது. படிக்கட்டில் ஒரு பீரோவைக் கொண்டுபோனால் பாரம் முழுக்கக் கீழ்ப்பக்கம் பிடிப்பவன் மேல்தான் இறங்கும். மேலே பிடிப்பவன் பாதி நேரம் சாய்த்துக்கொடுக்கிற வேலைதான் பார்ப்பான். அதனால் கீழ்ப்பக்கம் பிடிப்பவனுக்குத் தனி மரியாதை. அந்த இடம் சிஐடியுடையது. அவர் கேட்டு வாங்கியதுமில்லை, யாரும் போட்டிக்கு வந்ததுமில்லை.

பழைய மேஸ்திரி வேலையை விட்டுப் போனபோது அடுத்தது தான்தான் என்று சிஐடி மனசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதலாளியோ வேறொரு கம்பெனியிலிருந்து ஒருவரை மேஸ்திரியாகக் கூட்டிவந்தார். வயதில் சின்னவர். அளவாகப் பேசுவார். வந்த கொஞ்ச நாளில், ஒரு கண்ணாடி பீரோவைத் தூக்கப்போகும்போது சிஐடியின் தோளைத் தொட்டு, "அண்ணே, நீங்க மேல வாங்க. நான் கீழ பிடிக்கிறேன்" என்றார்.

சிஐடிக்குச் சுருக்கென்றது. எத்தனை வருஷத்து இடம்! ஒரே வாக்கியத்தில் பிடுங்கிக்கொண்டார். அதுவும் 'அண்ணே' போட்டு.

கோபத்துக்குக் கீழே ஒரு பயமும் இருந்தது, அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சிஐடியின் வலது தோள் போய்விட்டிருந்தது. கையைக் காதுக்கு மேலே தூக்க முடியாது. தலை சீவுவது இடது கையால். முன்பு ஒருவருக்கு முதுகு போனது தெரிந்ததும் முதலாளி மறுவாரமே "வீட்ல ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவைத்தார். அந்த ரெஸ்ட் இன்னும் முடியவில்லை. தோள் விஷயம் வெளியே போனால் தன் கதியும் அதுதான் என்று சிஐடிக்குத் தெரியும். மனைவி ஒருத்திக்குத்தான் அது தெரியும். தினம் எண்ணெய் தேய்த்துவிடுகிறவளிடம் எதை மறைப்பது? "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது" என்று அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

அன்றிலிருந்து மேஸ்திரியைக் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்க ஆரம்பித்தார். கவனிக்கக் கவனிக்க ஆள் மேலும் புதிராகத்தான் தெரிந்தார். வீட்டுக்காரர்கள் "நல்லா செஞ்சீங்க மேஸ்திரி" என்று பாராட்டினால், "நான் என்னங்க செஞ்சேன், இவங்க மூணு பேர்தான்" என்று கைகாட்டுவார். டீ வந்தால் கடைசி டம்ளர்தான் எடுப்பார். ஒரு சோபாவின் கால் உடைந்தபோது, உடைத்தது ஒல்லி என்று எல்லாருக்கும் தெரியும். முதலாளியிடம் மட்டும் "நான்தான் சரியாப் பாக்கல" என்றார். ஒல்லி என்பவன் பெயருக்கேற்ற உடம்புக்காரன்தான், ஆனால் ஃபிரிட்ஜை ஒற்றை ஆளாக முதுகில் ஏற்றுவான். அவன் அன்றே மேஸ்திரிக்கு அடிமையாகிவிட்டான். நாள் முழுக்க ஏதாவது முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருக்கும் பாட்டுக்காரரும் அந்தக் கட்சிக்குத் தாவினார்.

"இவன் என்ன, எலெக்‌ஷன்ல நிக்கப் போறானா?" என்று வீட்டில் பொருமினார் சிஐடி.

"ஏங்க, ஒரு மனுஷன் நல்லவனாவே இருக்கக் கூடாதா?"

"இருக்கட்டும். எதுக்குன்னு சொல்லிட்டு இருக்கட்டும்."

தடயங்கள் சேர்ந்துகொண்டே போயின. ஒல்லியும் பாட்டுக்காரரும் லாரிக்குப் பின்னால் பேசிக்கொண்டிருப்பார்கள், இவர் தலை தெரிந்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். இவர் ஒரு கனமான பெட்டிக்குக் குனிந்தால், எங்கிருந்தோ ஒரு கை வந்து அதைத் தூக்கிக்கொண்டு போய்விடும். ஒருநாள் வீட்டுக்குச் சீக்கிரம் வந்தபோது மனைவி போனில் "சரிங்க, அப்புறம் பேசறேன்" என்று பட்டென்று வைத்தாள். யார் என்றால் "ராங் நம்பர்" என்றாள். ராங் நம்பருக்கு யாராவது 'அப்புறம் பேசறேன்' சொல்வார்களா?

இதற்கெல்லாம் சிகரம், மேஸ்திரி கொடுத்த புது வேலை. "அண்ணே, இனிமே நீங்க முன்னாடி போய் வழியெல்லாம் பாத்துடுங்க. தூக்கும்போது மேல நின்னு குரல் குடுங்க. எங்க நிக்கணும், எங்க திரும்பணும்னு நீங்க சொன்னா நாங்க செய்றோம்."

கையைப் பிடுங்கிக்கொண்டு வாயை மட்டும் விட்டுவைத்திருக்கிறான் என்று சிஐடி கொதித்தார். நாலு நாள் கழித்து, 'இந்த ஆள் சும்மா நின்னு கத்துறார்' என்று முதலாளியிடம் சொல்ல வசதியாக இருக்குமே! ஆனால் கொடுத்த வேலையில் குறை வைக்கிற ஆள் இல்லை அவர். ஒவ்வொரு படியையும் நம்பாமல் மிதித்துப் பார்த்தார். கைப்பிடிகளை ஆட்டினார். கதவின் அகலத்தைக் கயிறு வைத்து அளந்தார், வீட்டுக்காரர் "போகும் போகும்" என்று சொன்னதை ஒருநாளும் காதில் வாங்கவில்லை. மனிதர்கள் மேல் கொட்டிக்கொண்டிருந்த சந்தேகத்தில் பாதியைச் சுவர்கள் மேலும் திருப்பங்கள் மேலும் கொட்டினார். அதற்குப் பிறகு ஒரு பீரோவில்கூடக் கீறல் விழவில்லை. அதையும் அவர் சந்தேகத்தோடுதான் பார்த்தார்.

பிறகு அந்த நாள் வந்தது. பழைய கட்டடம், மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. இறக்கவேண்டியது தேக்கு அலமாரி, கதவு முழுக்க நிலைக்கண்ணாடி. வீட்டுக்கார அம்மாளின் தாயார் கொடுத்ததாம், அது கிளம்புவதற்குள்ளேயே அந்த அம்மாள் கண்கலங்கிக்கொண்டிருந்தார். எல்லாரும் கைவைக்கப் போகும்போது, சொல்லாமல் கொள்ளாமல் முதலாளி வந்து நின்றார்.

"போன வாரம் ஒரு பார்ட்டி கேட்டாங்க. மூணு பேர் தூக்குறாங்க, ஒருத்தர் நின்னு கத்துறார், அவருக்கும் சேத்தா காசு குடுக்குறோம்னு." முதலாளியின் பார்வை சிஐடி மேல் நின்றது. "இன்னைக்கு நீங்க கீழ பிடிங்க. நான் பாக்குறேன்."

பார்ட்டியாவது கேட்டதாவது! போட்டுக்கொடுத்தது யார் என்று சிஐடிக்கா தெரியாது? மேஸ்திரியை ஒரு முறை முறைத்துவிட்டு, விறுவிறுவென்று போய் அலமாரியின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்தார். தோள் தீயாக எரிந்தது. விட்டுக்கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்தார்.

மேஸ்திரி வந்து அவர் கையை எடுத்துவிட்டார். "வேணாம் சார். இவரால முடியாது. தோள் போயிடுச்சு."

அப்பாடா, கடைசியில் வாயைத் திறந்தான்! இத்தனை நாள் போட்ட கணக்கு தப்பவில்லை என்று ஒரு பாழாய்ப்போன திருப்திகூட வந்தது சிஐடிக்கு. அதற்குப் பின்னாலேயே அழுகையும் வந்தது.

"தெரிஞ்சுமா வச்சிருக்கீங்க?" என்றார் முதலாளி.

"நான் வந்த முதல் வாரமே தெரியும் சார். ஒல்லிக்கும் தெரியும், பாட்டுக்காரருக்கும் தெரியும். அதனாலதான் மேல நிறுத்துனேன். அதுக்கப்புறம் ஒரு கீறல் விழுந்திருக்கா, சொல்லுங்க. கீழ பிடிக்கிறவன் பின்னாடி நடந்தே இறங்கணும். எனக்கு முதுகுல கண்ணு இல்ல. இவர்தான் கண்ணு."

"குரல்தானே? யார் வேணாலும் குடுக்கலாம். நானே சொல்றேன், தூக்குங்க."

தூக்கினார்கள். "வாங்க, வாங்க... லெஃப்ட்... இல்ல இல்ல, என் லெஃப்ட்!" என்று முதலாளி சொல்லச் சொல்ல, முதல் திருப்பத்திலேயே அலமாரி ஒருபக்கமாகச் சாய்ந்தது. கண்ணாடிக் கதவு சுவரை உரசப் போனது. மேஸ்திரியின் குதிகால் படியைத் தேடி அந்தரத்தில் துழாவியது. சிஐடிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நில்லு!"

மூன்று பேரும் சிலையாக நின்றார்கள். முதலாளியும் நின்றார்.

"ஒல்லி, உன் பக்கம் கொஞ்சம் தூக்கு. போதும். மேஸ்திரி, வலது கால பின்னால வைங்க. இன்னும். ஆங், படி வந்துடுச்சு. அந்தக் கைப்பிடிய நம்பாதீங்க, ஆணி கழண்டிருக்கு. இப்ப இறங்குங்க."

இறங்கினார்கள். மேலிருந்து சொல்லிக்கொண்டே வந்த சிஐடி, இத்தனை நாள் கண்ணில் படாத ஒன்றை அன்று பார்த்தார். மேஸ்திரி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை பாரத்தையும் நெஞ்சில் வாங்கிக்கொண்டு, கண்ணை சிஐடியின் முகத்தில் வைத்து, அவர் 'படி' என்ற இடத்தில் எல்லாம் காலைப் பின்னால் வைத்தார். நாற்காலியை ஆட்டிப் பார்க்காமல் உட்காராத சிஐடி, அடுத்த படியை இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் சொன்னார். ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் இந்த மனுஷன் அலமாரியோடு உருண்டுவிடுவார். இத்தனை நாளும் இப்படித்தான் இறங்கியிருக்கிறார்.

அலமாரி பத்திரமாக லாரி ஏறியது. முதலாளி கண்ணாடியைத் தடவிப் பார்த்தார். "கத்துறதுக்கும் ஒரு ஆள் வேணும்தான் போல" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அவருடைய பாராட்டு அவ்வளவுதான் நீளும்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை. "நீதானே சொன்ன?"

"ஆமா, நான்தான். லாரி நிக்கிற ஷெட்டுக்கே போய் மேஸ்திரிகிட்டச் சொன்னேன்." மனைவி கொஞ்சமும் அசரவில்லை. "ராங் நம்பரும் அவர்தான். தோள் எப்படி இருக்குன்னு அப்பப்ப கேப்பார். சத்தியத்த மீறுனதுக்கு நீங்க என்ன வேணா திட்டிக்கோங்க."

சிஐடி திட்டவில்லை. அவருடைய துப்பறிதல் சரியாகவே இருந்திருக்கிறது. லாரிக்குப் பின்னால் நடந்த குசுகுசுப்பு, எங்கிருந்தோ வந்த கை, பட்டென்று வைத்த போன் என்று ஒரு தடயம்கூடப் பொய் இல்லை. ஊரே சேர்ந்து சதி செய்திருக்கிறது. யாருக்காக என்பதில்தான் அவர் கோட்டை விட்டிருந்தார். வெட்கமாக இருந்தது. அதைவிட, இந்த வயதில் இப்படி ஒரு சந்தோஷம் வந்ததை என்ன செய்வது என்று தெரியாமல், குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

புத்தி அதற்காக ஒரேயடியாக மாறிவிடுமா? மேஸ்திரியைக் கவனிப்பதை மட்டும் அவர் விடவேயில்லை. சில மாதங்களில் ஒன்று கண்ணில் பட்டது. லாரியிலிருந்து இறங்கும்போது மேஸ்திரி கதவைப் பிடித்துக்கொண்டு, எப்போதும் இடது காலைத்தான் முதலில் வைக்கிறார். டீ குடிக்கையில் யாரும் பார்க்காத நேரமாக வலது முழங்காலை அமுக்கிக்கொள்கிறார். எல்லார் பாரத்தையும் கீழே நின்று வாங்கினால் முழங்கால் என்ன இரும்பா?

சிஐடி ஒல்லியையும் பாட்டுக்காரரையும் லாரிக்குப் பின்னால் கூப்பிட்டார். தலையோடு தலை வைத்துப் பேசிக்கொண்டிருக்கும்போது மேஸ்திரி வந்துவிட்டார். மூன்று பேரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

"என்னண்ணே, குசுகுசுன்னு?"

"ஒண்ணுமில்ல மேஸ்திரி. கயிறு பழசாயிடுச்சேன்னு பேசிட்டிருந்தோம்."

மேஸ்திரி கயிற்றைப் பார்த்தார். போன வாரம் வாங்கிய கயிறு. மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பாட்டுக்காரர் அவசரமாக ஒரு பாட்டை எடுத்துவிட்டார்.

அன்று மாடியில் ஒரு பீரோ. மேஸ்திரி குனிவதற்குள் ஒல்லி கீழ்ப்பக்கத்தைப் பிடித்துவிட்டான். சிஐடி படிக்கட்டின் உச்சியில் நின்றுகொண்டு, "மேஸ்திரி, நீங்க மேல வாங்க" என்றார்.

மேஸ்திரியின் புருவம் சுருங்கியது. அந்த முகத்தை சிஐடிக்கு நன்றாகத் தெரியும்.

"எதுக்கு?"

"எதுக்கும் இல்ல. வாங்க."