எழுபது சென்டிமீட்டர் தண்ணீர்

ஏணியைக் கழற்றித் தோளில் சாய்த்துக்கொண்டு தில்லைநாதன் அண்ணை தோட்டக் கொட்டிலுக்குப் போகிறார். சனிக்கிழமை மாலை ஆறு மணி. காலையில் அதை நீச்சல் தொட்டியில் மாட்டியவரும் அவர்தான். இடையில் ஒருவரும் அதில் ஏறவில்லை. "ஆள் நிக்காத நேரம் ஏணி நிக்கக்கூடாது தம்பி. கிமைண்டேக்காரன் எழுதித் தந்தவன்" என்று மேல்மாடியில் குடியிருக்கும் எனக்குச் சொல்லிவிட்டுக் கொட்டிலைப் பூட்டுகிறார்.

கிமைண்டே என்பது எங்கள் ஊராட்சி. சுவிஸில் ஓல்டன் நகர முதியோர் இல்லத்தில் சமையல் வேலை செய்யும் இந்த மனிதர், 2016 வசந்தத்தில், தரைக்கு மேல் நிற்கும் தொட்டி ஒன்று வைக்க அங்கே அனுமதி கேட்டார். யார் யார் குளிப்பார்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி. கலியாணத்துக்கு ஆள் கணக்கெடுப்பவர்போல் எழுதித் தள்ளிவிட்டார்: டொரொன்டோ மகன் குடும்பம், லண்டன் தங்கை குடும்பம், அண்ணன் தம்பியின் பிள்ளைகளான பெறாமக்கள், மொத்தம் பதினேழு பேர். இது வீட்டுத் தொட்டியா, பொதுக் குளமா என்று அலுவலர் தொலைபேசியில் கேட்டாராம். அண்ணை அடிமட்டம் வைத்துக் கோடு இழுத்து ஒவ்வொரு பெயராக வெட்டினார். ஒரு பெயரை மட்டும் வெட்ட மறுத்துவிட்டார். கோபிஷா, லோசானில் இருக்கும் மகள் சுமித்ராவின் பிள்ளை, அப்போது நான்கு வயது.

அனுமதி நிபந்தனைகளோடு வந்தது. வேலி, தானே பூட்டிக்கொள்ளும் படலை, மூடி, செப்டெம்பர் முடிவில் தண்ணீரை வெளியேற்றுவது. அண்ணை வேலியைக் கேட்டதற்கு மேல் ஒரு சாண் உயர்த்தினார். மூடிமேல் இருபது கிலோ அரிசி மூட்டையை வைத்துப் பார்த்தார். "பிள்ளை இதைவிடப் பாரம் குறைவு." அரிசி நனையவில்லை.

தண்ணீரைத்தான் பாதியோடு நிறுத்திவிட்டார். பேத்தியின் நெஞ்சு உயரத்தை மகளிடம் கேட்டு, எழுபது சென்டிமீட்டரில் உள்சுவரில் சிவப்பு ஒட்டுநாடா ஒட்டியிருந்தார். "என்ன அண்ணை, கால் கழுவவோ இதைக் கட்டினனீங்கள்?" என்று பகிடி விட்டேன்.

"அவளுக்கு நெஞ்சுமட்டம்" என்றார், சிரிக்காமல். எனக்குத்தான் வெட்கமாகப் போய்விட்டது.

எதிர்வீட்டு அம்மையார் மத்தியானத்தில் பிள்ளைகள் சத்தம் கூடாது என்று சொல்லித்தான் அயலவர் சம்மதக் கடிதத்தில் ஒப்பமிட்டார். அந்தச் சத்தத்துக்குத்தான் மனிதர் ஏங்குகிறார். லோசான் ரயிலில் இரண்டு மணி நேரம்கூட இல்லை. ஆனால் சுமித்ரா ஆஸ்பத்திரியில் தாதி. வார இறுதியில் வேலை, இல்லாவிட்டால் மருமகனின் ஆட்கள் வருவார்கள், பிள்ளைக்கு யாராவது சிநேகிதியின் பிறந்தநாள். ஒவ்வொரு வெள்ளியும் ஒரே பதில்: "பாப்பம் அப்பா." அண்ணை அதை வருகிறோம் என்றே கேட்டுக்கொள்கிறார். மறுநாள் காலை ஏணி தொட்டியில் நிற்கும்.

மூன்றாவது கோடையும் அப்படியே போனது. செப்டெம்பர் கடைசிச் சனி மத்தியானம் அழைப்பு வந்தது. "அடுத்த வருசம் கட்டாயம் பாப்பம் அப்பா."

"ஓம் பிள்ளை, அவசரமில்லை" என்றார். வைத்தபின் தொட்டித் தண்ணீரை வடிக்கக் குழாயை இழுத்து வந்தார். துணைக்கு இறங்கிப் போனேன்.

தண்ணீர் முழுதும் வடிந்ததும் அண்ணை தொட்டிக்குள் இறங்கிச் சுவரைத் துடைத்தார். சிவப்பு நாடாவை உரித்தார். மனிதர் விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். அதற்குக் கீழே பழைய பசைத் தடங்கள் இரண்டு தெரிந்தன.

"வளர்ந்திடுவாளெல்லே" என்றார். நாடா இருந்த இடத்துக்கு மேல் மூன்று விரலை வைத்து அளந்து, புது நாடாவைப் பெருவிரலால் அழுத்தி ஒட்டினார்.