ஏழாம் தொகுதியில் விழுந்த பதினெட்டு மில்லிகிராம்

தைவானின் தைனான் நகரில் உள்ள ஒரு பீங்கான் ஆய்வுக்கூடத்தில் பான் ஷூஹுய் இருபத்தாறு வருஷமாகப் பொடி நிறுத்துக்கொண்டிருந்தாள். அழுத்தினால் மின்சாரம் தருகிற, மின்சாரம் கொடுத்தால் அதிருகிற வில்லைகள் அங்கே தயாராகின்றன. முன்பு ஈயம் போட்டுச் செய்தார்கள்; வில்லைகளும் சொன்னபடி கேட்டன. ஈயம் விஷம், இனி வேண்டாம் என்று வாங்குகிறவர்கள் சொல்லிவிட, சோடியமும் பொட்டாசியமும் நையோபியமும் கலந்த புதுக் கூட்டு வந்தது. சம்பந்தி வீட்டார் மாதிரி, எதைப் பரிமாறினாலும் அதற்கு முகம் கோணியது.

ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் காவ் ஒவ்வொன்றாகச் சிட்டிகை சிட்டிகையாகச் சேர்த்துப் பார்த்தார். தாமிரம் போட்டால் வில்லை இறுகிப்போய் அசைய மறுத்தது. லித்தியம் அளவாகப் போட்டால் துள்ளியது. கொஞ்சம் கூடினாலும் சுருண்டு படுத்தது. மாங்கனீசு மின்கசிவை அடக்கிய கையோடு துடிப்பையும் அடக்கிவிட்டது. துடிப்பை அளக்கும் மானி நூற்றிருபதைத் தாண்டவேயில்லை. ஒரே ஒரு தடவை, ஏழாம் தொகுதியாகச் சுட்ட வில்லைகளுக்கு மட்டும், இருநூற்றுப் பன்னிரண்டு காட்டியது.

இயந்திரம் அடம்பிடிக்காமலிருக்க அதன் தலையில் பச்சைப் பொட்டலத்தில் வரும் பொரித் தின்பண்டத்தை வைப்பது அந்த ஊர் வழக்கம். ஏழாம் தொகுதியன்றுதான் உலைமேல் புதுப் பொட்டலம் மாற்றியிருந்தார்கள். டாக்டர் பட்டம் வாங்கிய காவ் மேலும் மூன்று பொட்டலம் வாங்கி வைத்தார். எண் நூற்றுப் பதினைந்துக்கு இறங்கியது. மாதக் கடைசியில் வில்லை வாங்கும் ஜப்பான்காரர்கள் பார்க்க வருகிறார்கள்.

ஷூஹுய்க்குக் காரணம் தெரியும். அன்று தராசுக்குப் பக்கத்தில் நின்று, உப்புப் பிளம்ஸ் பொடி தொட்டுக் கொய்யாப்பழம் தின்றாள்; பொடி கொஞ்சம் தராசில் உதிர்ந்துவிட்டது. உலைச் சூட்டில் சோடியம் ஆவியாகிப் போய்விடுகிறது என்று காவ் தினமும் புலம்புவார். உப்பு என்றாலே சோடியம்தானே? ஆனால் நிறுவை அறையில் தின்றதற்கு ஏற்கெனவே இரண்டு எச்சரிக்கைச் சீட்டு வாங்கியிருந்தாள்: சோயாப் பால் ஒன்று, பன்றியிறைச்சி பன் ஒன்று. மூன்றாவது வந்தால் வேலை போய்விடும். காவ் நாலாவது பொட்டலம் வாங்கிவந்த அன்று அவளால் பொறுக்க முடியவில்லை.

"டாக்டர், ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது."

"திட்டறதுக்குத் தெம்பு இல்லக்கா. சொல்லுங்க."

சொன்னாள். காவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"எவ்வளவு விழுந்துச்சு?"

"நல்லாக் கேட்டீங்க! நான் கொய்யா தின்னேனா, சோதனை பண்ணேனா?"

அந்தப் பொடியை உத்தேசமாக அரைக் கரண்டி போட்டுச் சுட்டார்கள். வில்லை உருகித் தட்டோடு மிட்டாயாய் ஒட்டிக்கொண்டது. ஷூஹுய் மறுபடி தின்று காட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. உணவுப் பொருள் உள்ளே வந்தால் தானும் இருக்க வேண்டும் என்று பாதுகாப்பு அதிகாரி லியாவ் சீட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றான்.

தராசில் காகிதம் விரித்தார்கள். நாலு துண்டு தின்றாள். ஒரு துகள் விழவில்லை.

"அன்னைக்கு மாதிரி இயல்பா சாப்பிடுங்கக்கா."

"ரெண்டு பேரும் என் வாயையே பாத்துட்டு நின்னா எப்படி இயல்பா வரும்?"

"இத்தனை வருஷம் திருட்டுத்தனமாத் தின்னப்ப வராத கூச்சமா?" என்றான் லியாவ்.

"யாருடா திருடி?" கொய்யாத் துண்டை அவன் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "பேய்மாசத்துல பேய்களுக்கு வச்ச படையல்ல அன்னாசி கேக் ரெண்டு காணாமப் போச்சே, ஊதுவத்தி அணையறதுக்குள்ள! அதைப் பேயா தின்னுச்சு?"

"அக்கா, ஆடாதீங்க!" காவ் தராசின் மேல் குடையாகக் கவிழ்ந்தார். "விழுந்துருச்சு! யாரும் மூச்சு விடாதீங்க!"

பதினெட்டு மில்லிகிராம்.

அதே அளவு சேர்த்துச் சுட்ட வில்லை இருநூற்று ஒன்பது காட்டியது. காவ் ஷூஹுயின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். லியாவ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு புத்தகத்தைத் திறந்தான்.

"சந்தோஷம் எல்லாம் சரி. விதி விதிதான். அவங்களே ஒத்துக்கிட்டாங்க, இது மூணாவது."

ஷூஹுய் காவின் பிடியிலிருந்து கைகளை உருவிக்கொண்டாள்.

"எழுது," என்றார் காவ். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கே, அதுல என்ன எழுதுவே?"

"நடந்ததைத்தான். ஏழாம் தொகுதியில உப்புப் பிளம்ஸ் பொடி, பதினெட்டு மில்லிகிராம்…"

"எழுதி?"

"வழக்கம்போல அறிவிப்புப் பலகையில ஒட்டுவேன்."

"கம்பெனி ரகசியக் கலவையை, அளவோட! ஜப்பான்காரங்க வர்ற வழியில!"

லியாவ் பேனாவைக் கட்டத்திலிருந்து தூக்கினான்.

"சோயாப் பால்னு மாத்தி எழுதலாமா?"

"அது பொய்யாச்சே," என்றாள் ஷூஹுய். "அதுக்குத்தான் ஏற்கெனவே குடுத்துட்டியே."