மிளகு ஸ்டோரில் இருமியவர்கள்

மிளகு ஸ்டோரில் வேலை பார்ப்பவளுக்கு இருமல் வராவிட்டால்தான் அதிசயம். மாத்தளையில் நாங்கள் நாளெல்லாம் புடைத்துத் தள்ளிய தூசு அப்படி. பக்கத்துத் தெருவில் ஒருவர் காசநோயில் போய்ச் சேர்ந்த பிறகு சுகாதாரப் பரிசோதகர் வந்து சட்டம் போட்டார். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும், வாயைத் துணியால் கட்ட வேண்டும், இருமல் விடாதவரைத் தள்ளி உட்காரவைத்து, கண்டிக்கு அனுப்பி நெஞ்சைப் படம் பிடிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் கணக்கப்பிள்ளைதான் பொறுப்பு. எனக்கு அந்த வேலையை வாங்கித் தந்தவர். அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவரும் இருமுவார். பழியைச் சுருட்டின் மேல் போட்டுவிடுவார். ஒரு நாள் எல்லோர் முன்னும் என்னிடம், "நீ வாசல் பக்கம் போய் உக்காரு, தங்கச்சி. மத்தவங்க தள்ளி இருங்க" என்றார். சாயங்காலத்துக்குள் ஊருக்கே நான் காசநோய்க்காரி. என்னைப் பெண் பார்த்து நிச்சயத்துக்கு நாள் குறித்திருந்த உக்குவளை ஊர் மாப்பிள்ளை வீட்டார் சத்தமில்லாமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனேன். படத்தில் என் நெஞ்சு சுத்தம். வெளியே வரும்போது காசநோய் மருந்து வாங்கும் வரிசையில் கணக்கப்பிள்ளை நின்றார். போன மாதம் ஏன் வரவில்லை என்று நர்ஸ் அவரைச் சிங்களத்தில் திட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. தன் இருமலை யாரும் கவனிக்காமலிருக்க என்னை வாசலில் உட்காரவைத்திருக்கிறார்.

"ஸ்டோர்ல சொல்லிறாத, தங்கச்சி. புள்ளகுட்டிக்காரன். உக்குவளைக்கு நானே போய், ஒனக்கு ஒண்ணுமில்லன்னு சொல்லிர்றேன்."

பெண் வீட்டார் நாங்களே போய்ச் சொன்னால் யார் நம்புவார்கள்? வாசலில் உட்காரவைத்தவரே சொன்னால்தான் எடுபடும். சம்மதித்தேன். பிறகு எப்போது கேட்டாலும், "சொல்லியாச்சு, அவங்கதான் யோசிக்கிறாங்க" என்பார். நானும் மடச்சி மாதிரி வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

அடுத்த வருடத் தேர்த் திருவிழாவில் மாப்பிள்ளையின் அம்மாவைக் கண்டேன். பக்கத்தில் புது மருமகள். என் கையைப் பிடித்து, "நல்லாத்தானே இருக்க, புள்ள?" என்றார்.

"எனக்கு நோயே இல்லன்னு எங்க கணக்கப்பிள்ளை அப்பவே வந்து சொன்னாரேம்மா."

அவர் முகம் வெளிறியது.

"ஒருத்தரும் வரலியேம்மா. யாராச்சும் வந்து ஒரு வார்த்தை சொல்லுவாங்கன்னுதான் தை மாசம் வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தோம்."